நாற்பத்தொன்றாம் குப்பி

சிவமயம்

பாயான் பாரு, பினாங்கு
10.1.1999

அன்புள்ள செல்வநாயகி அக்காவுக்கு,

வள்ளி எழுதுகிறேன். நான், இவர், அம்பிகை மூவரும் இங்கே சுகம். மெல்பர்னில் நீங்களும் அத்தானும் அப்படியே இருக்க முருகன் துணை.

போன் பண்ணியிருக்கலாம். போன் ஹாலில் இருக்கிறது, இவரும் ஹாலில்தான் இருக்கிறார். அதனால் கடிதம்.

இவருடைய கால்நடை ஆபீசில் இவரை ஈப்போ பக்கத்துப் பன்றிப் பண்ணைகளுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். அங்கே பண்ணை ஆட்களுக்குக் காய்ச்சல் வந்து, மூளைக்கு ஏறி, சிலர் இறந்தும் போனார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சலாம், கொசு கொண்டுவருகிறதாம். ஊரெல்லாம் புகை அடிக்கிறார்கள். இவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டார். பண்ணைப் பன்றிகளும் இருமுகின்றனவாம், வெளியே ரோட்டில் நின்றாலே கேட்கிறதாம்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பண்ணை வீட்டுக் குழந்தைகளை விட்டுவிட்டு, பன்றியைப் பிடித்து வேலை செய்யும் பெரிய ஆட்களுக்கு மட்டும் ஏன் வருகிறது? இவரிடம் கேட்டேன். "உன் ஃபேக்டரியில சர்க்யூட் போர்டைப் பாரு, பன்றியை நான் பாத்துக்குறேன்லா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நீங்கள் விலங்கு வைரஸ் ஆய்வகத்தில் இருப்பவர். உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அம்பிகைக்கு இரண்டு பல் வந்துவிட்டது.

தங்கை,
வள்ளிநாயகி


சிவமயம்

மெல்பர்ன்
28.1.1999

அன்புத் தங்கை வள்ளிக்கு,

நீ, சிவகுரு, அம்பிகை மூவரும் சுகமா? நாங்கள் சுகம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அத்தான் எலுமிச்சை மரத்துக்குக் குடை பிடிக்காத குறை.

நீ கேட்டது நல்ல கேள்வி. பதில் என்னிடம் இல்லை. இங்கிருந்து யோசிப்பது சுலபம், பண்ணையில் நிற்பவர்களுக்குத்தான் கஷ்டம். ஐந்து வருஷத்துக்கு முன் இங்கே குதிரைகளுக்கு ஒரு புது வைரஸ் வந்தது, குதிரையைப் பார்த்துக்கொண்டவர்களையும் அது விடவில்லை. அதில் நான் கற்றது, பெயர் தெரிந்த நோய் என்று நினைத்துக்கொண்டு கையுறையைக் கழற்றக் கூடாது என்பதுதான்.

சிவகுரு ரத்தம் எடுக்கும்போது கையுறை போடுகிறானா? சும்மா கேட்கிறேன்.

பிள்ளையின் படம் ஒன்று அனுப்பு. பல் தெரிய வேண்டும்.

அக்கா,
செல்வநாயகி


சிவமயம்

பாயான் பாரு
20.2.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் அத்தானும் சுகமாக இருக்க வேண்டும்.

இத்துடன் படம் வைத்திருக்கிறேன். சிரிக்க வைக்க ருக்கையா அக்கா ஆட்டுக்குட்டி மாதிரி கத்த வேண்டியதாயிற்று. நான் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்வது அவர்தான், எங்கள் மாடியிலேயே மூன்றாவது வீடு. மார்பில் கட்டிக்கொண்டே சமைக்கிறார். ஆரம்பத்திலேயே ஒன்றுமட்டும் சொல்லிவிட்டார்: "பிள்ளைய எத்தன நாளு வேணுன்னாலும் வச்சுக்குறேன். உம் புருசன் பண்ணைக்குப் போட்டுட்டுப் போன உடுப்பை மட்டும் எங்கிட்ட நீட்டாத தாயி." அது நியாயம்தானே.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போக முடியவில்லை. இவருக்குக் கொஞ்சம் காய்ச்சல், தலைவலி. மழையில் நனைந்தது. இப்போது சரியாகிவிட்டது, வேலைக்கும் போகிறார்.

கையுறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொடுத்திருக்கிறார்களாம்.

வள்ளி


சிவமயம்

மெல்பர்ன்
19.3.1999

வள்ளிக்கு,

நீ, சிவகுரு, அம்பிகை மூவரும் சுகமா? பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

சில விஷயம் சொல்கிறேன். ஏன் என்று இப்போது கேட்காதே. சிவகுரு வீட்டுக்கு வந்ததும் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்கட்டும். பண்ணை உடுப்பை உங்கள் உடுப்போடு ஊற வைக்காதே. அவன் சளியையோ எச்சிலையோ பிள்ளை தொட விடாதே. பூட்ஸ் வாசலுக்கு வெளியே இருக்கட்டும்.

தைப்பூசக் காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது? தலைவலி எப்படி இருந்தது? தூக்கக் கலக்கம் இருந்ததா? விவரமாக எழுது.

செல்வநாயகி


சிவமயம்

பாயான் பாரு
4.4.1999

அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகம் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்துக்கு முன்னாடியே பேப்பர் வந்துவிட்டது. கொசு இல்லையாம். புது வைரஸாம், உங்கள் ஊர்க் குதிரை நோய்க்குச் சொந்தமாம். பன்றியிடமிருந்து நேராக ஆளுக்கு வருகிறதாம். இப்போது ராணுவம் வந்து பன்றிகளைச் சுட்டுப் புதைக்கிறது. இவர் தெற்கே நெகிரி செம்பிலான் பக்கம் போயிருக்கிறார். டிவியில் முழு உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்களைக் காட்டுகிறார்கள். அதில் யார் இவர் என்று தெரியவில்லை.

உங்களுக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் பூட்ஸைப் பற்றி எழுதினீர்களா? ஜனவரியில் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீங்கள் கேட்ட விவரம். காய்ச்சல் ஐந்தாறு நாள். தலைவலி என்று நான் எழுதியது குறைவு. விளக்கைப் போடாதே என்று கண்ணைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தார். பகலெல்லாம் தூங்கினார். அப்போது அம்பிகை இவர் நெஞ்சுமேல்தான் தூங்குவாள். அவளைப் பிரித்து எடுத்தால் இரண்டு பேருமே அழுவார்கள் என்று விட்டுவிட்டேன். கையுறை வேர்வையில் வழுக்குகிறது, நரம்பு தட்டுப்படவில்லை என்று கழற்றிவிட்டுத்தான் ரத்தம் எடுத்தாராம். கொசுதானே என்று எல்லாரும் அப்படித்தானாம்.

பக்கத்து வீட்டு மீனாட்சி இப்போது லிஃப்டில் எங்களோடு ஏறுவதில்லை. ருக்கையா அக்கா வழக்கம்போல் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

வள்ளி


சிவமயம்

மெல்பர்ன்
25.4.1999

அன்பு வள்ளிக்கு,

நீ, சிவகுரு, அம்பிகை மூவரும் சுகமா? நீ கோபமாக எழுதியதில் தவறில்லை. ஜனவரியில் எனக்கு ஒன்றும் தெரியாது. மார்ச்சில் தெரியும். ஆனால் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள். ஒரு முடிவு உரியவர்களுக்குப் போய்ச் சேருமுன் யாரிடமும் சொல்லக் கூடாது, கூடப் பிறந்தவளிடம்கூட. இன்றைக்கு ஒருத்திக்குச் சொன்னால், நாளைக்கு எந்த நாடும் எங்களுக்கு ரத்த மாதிரி அனுப்பாது.

உங்கள் ஊர்ப் பன்றிகளின் சீரம் பெட்டி பெட்டியாக வருகிறது. சீரம் என்றால் ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளிந்து நிற்கும் நீர். எந்தப் பண்ணையில் நோய் வந்து போனது என்று அதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மலேசியாக்காரர், அமெரிக்காக்காரர், நாங்கள் எல்லாரும் ஒரே மேசையில். உங்கள் ஆபீசிலிருந்து வந்த இரண்டு பேருக்குச் சோதனையைக் கற்றுக்கொடுக்கிறோம். ஒருத்தி நோர்மா. என் சமையலைச் சாப்பிட்டுவிட்டு, நல்ல பிள்ளையாக ஒன்றும் சொல்லவில்லை.

பண்ணைக்குப் போனவர்களை ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். சிவகுரு கொடுத்துவிட்டானா?

செல்வநாயகி


சிவமயம்

பாயான் பாரு
14.5.1999

அன்பான அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம், சுகம், சுகம். நீங்களும் அத்தானும் நல்லா இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரிக்கு இவர் போகவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே இருந்தார். நான் சண்டை போட்டேன். போன புதன்கிழமை இவர் வந்து, செருப்பைக் கூடக் கழற்றாமல், "வள்ளி, உன் அக்காவே எனக்குச் சர்டிபிகேட் குடுத்துட்டாங்க" என்றார்.

என்ன செய்திருக்கிறார் தெரியுமா? ஏப்ரலில் ஜூரு தாண்டி ஒரு பண்ணையில் நாற்பது பன்றிக்கு ரத்தம் எடுத்தார்களாம். இவர் தன் கையில் குத்தித் தன் ரத்தத்தையும் எடுத்து, நாற்பத்தொன்றாம் பன்றி என்று குப்பியில் எழுதிப் பெட்டியில் வைத்துவிட்டார். அந்தப் பெட்டி உங்களிடம் போய், முடிவும் இங்கே வந்து சேர்ந்துவிட்டது. நாற்பத்தொன்று: நோய் இல்லை.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா, பன்றின்னு எழுத?" என்று கேட்டேன்.

"உங்கம்மா கல்யாணத்தன்னிக்கே அதைத்தானே சொன்னாங்க" என்றார்.

ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் ஒரே மூச்சில் தூங்கினேன். காலையில் அம்பிகை அழுததுகூடக் கேட்கவில்லை. இவர்தான் எழுந்து பால் கலக்கியிருக்கிறார்.

இவர் செய்தது தப்பு என்று தெரியும். யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வள்ளி


சிவமயம்

மெல்பர்ன்
24.5.1999

அன்பு வள்ளிக்கு,

நீ, சிவகுரு, அம்பிகை மூவரும் சுகமா? கடிதம் கிடைத்தது.

இந்த முறை என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன். இதில் ரகசியம் ஒன்றுமில்லை, பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. சமையல் குறிப்பு மாதிரி மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதே. நீ வேதியியல் படித்தவள்.

சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. அடியில் வைரஸைச் செயலிழக்க வைத்துப் பூசியிருப்போம். அதில் சீரத்தை ஊற்றுவோம். அந்த நோய் வந்த உடம்பாக இருந்தால், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் சீரத்தில் இருக்கும், அது வைரஸோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது கண்ணுக்குத் தெரியாது. அதனால் மேலே இன்னொரு மருந்து ஊற்றுவோம். அது போய் எதிர்ப்பொருளைப் பிடித்தால் நிறம் வரும்.

அந்த இரண்டாவது மருந்து பன்றிக்கென்றே செய்தது. பன்றியின் எதிர்ப்பொருளை மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு மாட்டின் சீரத்தை அதில் ஊற்றினால், அந்த மாட்டுக்கு நோய் வந்திருந்தாலும் வராவிட்டாலும் நிறம் வராது. "இல்லை" என்றுதான் காட்டும். அந்த "இல்லை"க்கு ஒரு பொருளும் கிடையாது.

இன்னொன்று. நோயில்லாத பன்றிகூட லேசாக ஒரு நிறச் சாயல் காட்டும். ஒரு தட்டில் ஒரே ஒரு குழி மட்டும் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீராக நின்றது. மாதிரி கெட்டுப்போயிருக்கும் என்று மறுபடி செய்யச் சொல்லிக் குறித்து வைத்தேன். அதற்குள் முடிவு உங்கள் ஊருக்குப் போய்விட்டது.

எலுமிச்சை இந்த வருஷம் நன்றாகக் காய்த்திருக்கிறது.

செல்வநாயகி


சிவமயம்

மெல்பர்ன்
12.6.1999

வள்ளி,

நீ, சிவகுரு, அம்பிகை மூவரும் சுகமா? என் கடிதம் வந்து சேர்ந்ததா? வந்தது என்று ஒரு வரி எழுது, போதும்.

செல்வநாயகி


சிவமயம்

பாயான் பாரு
23.6.1999

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று இந்தக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன். நீங்களும் அத்தானும் சுகமாக இருங்கள்.

உங்கள் இரண்டு கடிதமும் வந்தன. முதல் கடிதத்தைப் பஸ்ஸில் படித்தேன். மாடு என்று நீங்கள் எழுதிய இடத்திலேயே விளங்கிவிட்டது. ஃபேக்டரியில் நான் செய்வதும் இதுதானே. போர்டைக் கழுவின தண்ணீரைச் சோதித்தால், வெறும் தண்ணீரைவிடச் சுத்தமாக ஒரு எண் வந்தால் நாங்கள் சந்தோஷப்பட மாட்டோம். மாதிரி மாறிப்போச்சு என்று தூக்கி எறிவோம்.

விளங்கியும் நான் இவரிடம் உடனே சொல்லவில்லை. இவர் அம்பிகைக்கு நடை பழக்கிக்கொண்டிருந்தார். சொன்னால் கையை எடுத்துவிடுவார் என்று தோன்றியது. அப்புறம் ஒரு சனிக்கிழமை இவருக்குச் சாதாரணத் தலைவலி. ஆக்ஸ் பிராண்ட் தைலம் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுக்கும்போது பாட்டில் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன்.

இவர் முழுதும் படிக்கவில்லை. பாதியிலேயே மடித்துவிட்டார்.

"தெரியும்" என்றார்.

"எப்ப தெரியும்?"

"பெட்டில வைக்கறப்ப தோணல வள்ளி. ரத்தம் ரத்தம்தானேன்னு வச்சேன். ரிசல்ட்ல எனக்கு வந்த அளவு மத்த எல்லாத்தையும் விட அடில இருந்துச்சு. உங்கிட்ட சொன்ன பொறகு, அன்னிக்கு ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சது."

"அப்ப எழுப்பி சொல்றதுக்கு என்ன?"

"நீ தூங்கிட்டு இருந்த."

தரையெல்லாம் தைலம். கண் எரிந்தது. இரண்டு பேரும் குனிந்து கண்ணாடியைப் பொறுக்கினோம். ஆஸ்பத்திரிக்கு ஏன் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார். இவர் ரத்தம் கொடுத்து, நோய் இருக்கிறது என்று வந்தால், வீட்டில் எல்லாருக்கும் எடுப்பார்களாம். ஈப்போவில் ஒரு பண்ணைக்காரரின் பிள்ளைக்கு நரம்பு கிடைக்காமல் நாலைந்து இடத்தில் குத்தியதைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். ஆயிரம் பன்றிக்குக் குத்தியவர் இதைச் சொல்கிறார்.

திங்கட்கிழமை மூவரும் போய் ரத்தம் கொடுத்தோம், அவரவர் பெயரில். அம்பிகைக்கு ஒரே குத்தில் கிடைத்துவிட்டது. இவர் வெளியே போய் நின்றுகொண்டார். பன்றி எண் விஷயத்தை ஆபீசிலும் இவரே சொல்லிவிட்டார். மேலதிகாரி காஜா மொய்தீன் கத்துவார் என்று நினைத்தோம். அந்தப் பண்ணைக் கணக்கைத் திருத்தி எழுதிவிட்டு, "இனிமே உன் நம்பரை உங்கிட்டயே வச்சுக்கய்யா" என்றாராம்.

எங்கள் ரத்தத்தை உறுதிப்படுத்த ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதாக டாக்டர் சொன்னார். உங்கள் மேசைக்கே வருமோ என்னவோ. வந்தாலும் நீங்கள் சொல்லக் கூடாது என்று தெரியும். நானும் கேட்கவில்லை.

எப்படி இருக்கிறோம் என்று கேட்டால், இன்றைக்கு மூவரும் எழுந்து சாப்பிட்டோம்.

வள்ளி


சிவமயம்

மெல்பர்ன்
17.7.1999

அன்புத் தங்கை வள்ளிக்கு,

நீயும் அம்பிகையும் அங்கே சுகமாக இருக்கிறீர்கள். சிவகுரு எப்படி இருக்கிறான்?

இங்கே குளிர். எலுமிச்சையைப் பறித்து ஊறுகாய் போட்டேன். உப்பு கூடிவிட்டது. அத்தான் நல்லா இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே தண்ணீர் குடிக்கிறார். நோர்மா ஊருக்குத் திரும்புகிறாள், அவள் கையில் ஒரு பாட்டில் கொடுத்துவிடுகிறேன். அம்பிகைக்கு ஒரு கம்பளிச் சட்டையும் இருக்கிறது. பினாங்கில் எதற்கு என்று கேட்காதே, பின்னிவிட்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா,
செல்வநாயகி


சிவமயம்

பாயான் பாரு
8.8.1999

என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் எழுதியபடியே நானும் அம்பிகையும் சுகம். அத்தானும் நீங்களும் சுகம்தானே.

உங்கள் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துவந்து பிரித்தது இவர். ஹாலில் நின்று படித்தார். "என்ன உங்க அக்கா, உன்னையும் பிள்ளையையும் விசாரிக்கவே இல்ல. என்னைய மட்டும் கேட்டிருக்காங்க" என்று சிரித்தார். நான் அடுப்பில் இருந்தேன். முதல் வரியை இவர் மறுபடி மெல்ல வாசிப்பது கேட்டது. எட்டிப் பார்த்தபோது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடிதம் மடியில் இருந்தது. அம்பிகை போய் இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் என்னைப் பார்த்தார். தூக்குங்கள் என்று தலையை ஆட்டினேன். தூக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக் கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. எனக்கும் பிள்ளைக்கும் இல்லை. இவருக்கு இருக்கிறது. அது தைப்பூசக் காய்ச்சல்தானாம், வந்து, இவரை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. இப்போது யாருக்கும் இவரிடமிருந்து தொற்றாதாம். மருந்தும் கிடையாது. மறுபடி வருமா என்று கேட்டேன். டாக்டர் நேர்மையானவர். "புதுச் சீக்கும்மா. அடுத்த வருசம் என்ன பண்ணும்னு எப்படிச் சொல்றது, போன வருசம் இப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது" என்றார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வரச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததை மீறி ஒன்றும் எழுதவில்லை. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

ஊறுகாய் வந்தது. உப்புதான். ருக்கையா அக்கா மீன் குழம்பில் ஒரு துண்டு போட்டுச் சரிக்கட்டினார். கம்பளிச் சட்டையை அம்பிகைக்குப் போட்டு ஒரு படம் எடுத்தோம். முகமெல்லாம் வேர்வை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தீர்கள். இவரும் சுகம். அந்த வார்த்தையை எழுதுமுன் ஹாலுக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். விளக்கு எரிகிறது.

தங்கை,
வள்ளிநாயகி